தேனிலவுக்குத் திமிங்கலம் பார்க்கப் போனோம்

கல்யாணம் தை மாதக் கடைசியில். பத்திரிகை கொடுக்கப் போன வீட்டிலெல்லாம் அடுத்த கேள்வி ஒன்றுதான்: எங்கே போகப் போறீங்க? ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் வசதியான சொந்தக்காரர்கள் மாலத்தீவு என்றார்கள். நான் மிரிஸ்ஸ என்று சொன்னபோது யாருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இலங்கையின் தென்கோடியில், மாத்தறைக்கும் வெலிகமவுக்கும் நடுவில் இருக்கிற சின்ன மீன்பிடி ஊர். அங்கிருந்து கிளம்புகிற படகில் போனால் நீலத் திமிங்கலம் பார்க்கலாம்.

என் வீட்டுக்காரர் கோவில்பட்டிக்காரர். கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்தவர். கடல் என்றால் அவருக்குத் திருச்செந்தூர் கோயிலுக்கு முன்னால் கால் நனைக்கிற இடம், அவ்வளவுதான். "சரி, உனக்கு எது ஆசையோ அங்கேயே போகலாம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு ஏன் அந்த ஆசை என்று அப்போது அவர் கேட்கவில்லை. மதுரையில் விமானம் ஏறின பிறகுதான் கேட்டார்.

நான் மணப்பாட்டுப் பக்கத்துப் பெண். அப்பா கடல் தொழில் செய்கிறவர். 2016 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்னால், கல்லாமொழியிலிருந்து மணப்பாடு வரைக்கும் கரை முழுக்கத் திமிங்கலங்கள் ஒதுங்கின. 80-க்கும் மேல். செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். குட்டைத்துடுப்பு வழிகாட்டித் திமிங்கலம் என்று எழுதியிருந்தார்கள். கரேலென்று, உருண்டைத் தலையோடு, சில கிடந்த இடத்திலேயே வாலை அடித்துக்கொண்டிருந்தன. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நானும் ஊர்ப் பெண்களோடு குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றினேன். தோல் காய்ந்துவிடக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். அப்பாவும் மற்றவர்களும் கயிறு கட்டிப் படகால் ஆழத்துக்கு இழுத்துக் கொண்டுபோய் விட்டார்கள். விட்ட கொஞ்ச நேரத்தில் அவற்றில் பல திரும்பக் கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத உயிர் அது. கரையில் ஒன்று கிடந்தால் ஆழத்துக்குப் போன மற்றதும் அதைத் தேடிக்கொண்டு வரும். 1973 ஜனவரியிலும் இதே கரையில் இதே இனம், 147, இப்படி ஒதுங்கியிருக்கிறது. தாத்தா அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு மறக்காமல் நின்றது அவற்றின் மூச்சு. தலைக்கு மேலே இருக்கிற துளை திறக்கும், 'புஸ்' என்று காற்று வரும், மூடும். இரண்டு மூச்சுக்கு நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து அதை எண்ணிக்கொண்டிருந்தேன். விடியும்போது எனக்குப் பக்கத்தில் கிடந்ததற்கு மூச்சு இல்லை. செத்தவற்றையெல்லாம் கரையிலேயே பெரிய குழி தோண்டிப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு திமிங்கலம் அதன் இடத்தில், உயிரோடு, நல்ல மூச்சு விடுவதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குள் ஒரு கடன் மாதிரி உட்கார்ந்துவிட்டது. இதைச் சொல்லி முடிக்கிறதற்குள் கட்டுநாயக்க விமான நிலையம் வந்துவிட்டது. அவ்வளவு கிட்டத்து நாடு.

அப்பாவுக்கு நாங்கள் இலங்கை போனது உள்ளுக்குள் உறுத்தல்தான். அவருக்கு இலங்கை என்றால் எல்லைக் கோடும் கடற்படைப் படகும். தெரிந்தவர்களின் பிள்ளைகள் பிடிபட்டு மாதக்கணக்கில் உள்ளே இருந்ததைப் பார்த்தவர். "ஆகாயத்திலதானே போறீங்க" என்று அவரே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறை ரயில். ஜன்னலோரம் கிடைத்தால் பாதி வழி கடல்தான், சில இடத்தில் அலை தண்டவாளத்தைத் தொட்டுவிடும் போல இருக்கும். காலி நகரம் தாண்டி வெலிகமவில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். தங்கின இடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சுத்தமாக இருந்தது, மாமரத்தடியில் காலையில் ஆப்பம் போட்டுக் கொடுத்தார்கள்.

மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டோம். சுற்றுலாப் படகுகள் ஒரு பக்கம், பலநாள் படகுகள் இன்னொரு பக்கம். பலநாள் படகு என்றால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சூரை பிடிக்கிற பெரிய படகு. இறக்கின சூரையைத் தரையில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஐஸ், டீசல், மீன், ஈரக் கயிறு எல்லாம் கலந்த வாடை. எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. இவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

படகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் துறைமுகச் சாலையில் நாலைந்து இடத்தில் விசாரித்தோம். எல்லா இடத்திலும் நான் கேட்ட கேள்வி ஒன்றே: திமிங்கலத்துக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுபோவீர்கள்? ஒருவர் "தொடற தூரத்துக்கு" என்று பெருமையாகச் சொன்னார். அவர் வேண்டாம் என்று வந்துவிட்டோம். இலங்கையில் 2012-லேயே இதற்கு விதி போட்டிருக்கிறார்கள். 100 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது. அந்த 100 மீட்டரைத் தானாக எடுத்துச் சொன்ன படகில்தான் ஏறினோம். காசு கொஞ்சம் கூட. அந்தக் காசுக்கு நான் வருத்தப்படவே இல்லை.

எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி மாட்டி, ஒரு பொட்டலம் சாப்பாடு கொடுத்தார்கள். நான் இவருக்கு முன்கூட்டியே அவோமின் என்கிற வாந்தி மாத்திரை ஒன்று கொடுத்திருந்தேன். படகு வேலையாட்களில் ஒருவர் வெலிகமவைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர். வீட்டில் பேசுவது தமிழ். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து, "இந்தியாவா மகள்?" என்றார். அந்த 'மகள்' என்கிற அழைப்பு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் அந்தக் காலை முழுக்க அவர்தான் எங்களுக்குக் கண்.

இடது கைப் பக்கம் சூரியன் ஏறியது. தூரத்தில் தேவேந்திரமுனைக் கலங்கரை விளக்கம், இலங்கையின் கடைசித் தெற்கு முனை. அதற்குத் தெற்கே அண்டார்டிகா வரைக்கும் பெரிய நிலமே இல்லை. மாசி மாதம் அந்தப் பக்கக் கடல் அமைதி. வாடைக் காலத்தில் தீவே மறைப்பாக நிற்கும். மே மாதம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் இதே கடலில் இந்தப் படகுகள் போக முடியாது. அப்படியும் கரையை விட்டு விலகியதும் அடி அலை தெரிந்தது. இவர் பச்சையாகிவிட்டார். பெரியவர் வந்து ஒரு துண்டு இஞ்சியையும் தேசிக்காயையும் (எலுமிச்சை) கையில் கொடுத்து, "தூரத்தைப் பாருங்க தம்பி, போன பாக்க வேணாம்" என்றார். அப்படியும் தாங்காமல் பின்பக்கம் ஓடினார். நான் முதுகைத் தடவிக்கொண்டே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுப்பெண் செய்கிற வேலையா என்று தெரியவில்லை, ஆனால் எனக்கு ரெண்டும் தேவையாக இருந்தது.

முதலில் வந்தது ஓங்கல் கூட்டம். எங்கள் ஊரில் டால்பினுக்கு அதுதான் பெயர். இவை தண்ணீரை விட்டு எகிறித் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு விழுகிற வகை. படகில் எல்லோரும் கத்தினார்கள். பெரியவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர் கண் தெற்கே இருந்தது.

மிரிஸ்ஸவில் இவ்வளவு கிட்டத்தில் நீலத் திமிங்கலம் வருவதற்குக் காரணம் அடித்தளம். நம்ம மன்னார் வளைகுடா மாதிரி மெதுவாக ஆழமாகிற கடல் இல்லை அது. கரையிலிருந்து சில மைல் போனதும் கண்டத் திட்டு முடிந்து தரை சட்டென்று இறங்கிவிடும். ஆழத்துக்காரர்களுக்குக் கரை ஓரத்திலேயே வீடு கிடைத்த மாதிரி.

படகு வேகம் குறைந்தது. "ஊதுது, ஊதுது" என்றார் பெரியவர். மேலே நின்ற பையன் சிங்களத்தில் "தல்மசா" என்று கத்தினான். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கண்ணில் பட்டது: தண்ணீரிலிருந்து ஒரு வெள்ளைத் தூண் நேராக எழும்பி, மேலே போய்க் காற்றில் சாய்ந்து கரைந்தது. பாதித் தென்னை உயரம் இருக்கும். சத்தம் அதற்குக் கொஞ்சம் கழித்துத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது.

மாலுமி எஞ்சினை அணைத்துவிட்டார். இது எனக்கு மிகவும் பிடித்தது. எஞ்சின் நின்றதும் கடலின் சத்தம் மட்டும். அடுத்த மூச்சு தெளிவாகக் கேட்டது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து, கனமாக. நான் மணப்பாட்டுக் கரையில் எண்ணிக்கொண்டிருந்த மூச்சு இல்லை இது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இவர் பின்னாலிருந்து தட்டுத்தடுமாறி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு முதுகு. இதை எப்படிச் சொல்வது? முதலில் ஊதுதுளையைச் சுற்றின மேடு தெரியும். அது உள்ளே போகும், முதுகு வரும். வந்துகொண்டே இருக்கும். சாம்பல் கலந்த நீலம், அதில் வெளிறின திட்டுத் திட்டுகள். இப்போது முடிந்துவிடும், இப்போது முடிந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், ரொம்ப நேரம் கழித்து ஒரு சின்னஞ்சிறிய துடுப்பு வந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அது எதற்கு என்று கேட்கிற அளவுக்குச் சிறிசு. தண்ணீருக்கு அடியில் இருக்கும்போதுதான் நிறம் இன்னும் அழகு. மேல்தண்ணீர் வழியாகப் பார்க்கையில் உடம்பு முழுக்கப் பளீரென்ற இளநீலம். அந்த நீலத்தைப் பார்த்தே அடுத்து எங்கே எழும்பும் என்று பெரியவர் கை காட்டினார். இங்கே இருப்பது நீலத் திமிங்கலத்தில் சற்றுச் சிறிய வகை. சிறியது என்றாலும் வளர்ந்தது 20 மீட்டர் போல இருக்கும். எங்கள் படகைவிட நீளம்.

நாலைந்து முறை ஊதியது. கடைசி மூச்சு இழுத்ததும் முதுகு வில்லாக வளைந்தது. "இப்ப வால், இப்ப வால்" என்றார் பெரியவர். வால் முழுசாக மேலே வந்தது, தண்ணீர் இரண்டு பக்கமும் ஒழுகியது, அப்படியே செங்குத்தாக இறங்கிப் போய்விட்டது. மற்ற கடல்களில் நீலத் திமிங்கலம் முங்கும்போது வாலைத் தூக்குவது குறைவாம். இலங்கைக் கடலில் இருப்பவை அடிக்கடி தூக்கும்.

அது போன இடத்தை எல்லோரும் விட்டுவிட்டார்கள், நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் சிற்றலை. நடுவில் மட்டும் ஒரு பெரிய வட்டம், ஒரு சுருக்கம் இல்லாமல், எண்ணெய் படர்ந்த தண்ணீர் மாதிரி வழுவழுவென்று நின்றது. வால் கீழே அடித்து உந்துகிற தண்ணீர் மேலே வந்து பரவுவதால் உண்டாகிற தடம் அது. அந்த வட்டம் கலையக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் ஒரு சிற்றலை உள்ளே வரப் பார்த்தது, ஓரத்திலேயே நின்றுவிட்டது.

முங்கினால் பத்து நிமிடம் போலக் காத்திருக்க வேண்டும். அதற்குள் மற்ற படகுகள் வந்து சேர்ந்துவிட்டன. அடுத்த முறை அது ஊதியதும் ஒரு படகு நேராக அதன் முன்னால் குறுக்கே பாய்ந்தது. பின்னால் இன்னும் இரண்டு. ஒரே ஒரு மூச்சு. வாலைக் காட்டாமல், மூச்சை முழுசாக எடுக்காமல், இறங்கிவிட்டது. எனக்கு நெஞ்சு பதறியது. மூச்சு எடுக்க மேலே வருகிற உயிரை மூச்சு எடுக்க விடாமல் செய்வதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? அந்தப் படகில் இருந்தவர்களும் ஆசையாய்ப் பார்க்க வந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் பார்த்தது ஒரு திமிங்கலம் பயந்து ஓடியதை.

எங்கள் மாலுமி படகைத் திருப்பிக் கூட்டத்தை விட்டு விலகிப் போனார். இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். பெரியவர் என்னிடம் மட்டும் சொன்னார்: "துரத்திப் பிடிக்க ஏலாது மகள். அதுட நேரத்துக்குத்தான் அது வரும்." வந்தது. ஒரு மணி நேரம் போல ஆகியிருக்கும். பக்கத்தில் வேறு படகு இல்லை. நாங்கள் சும்மா மிதந்துகொண்டிருந்தபோது இரண்டு சேர்ந்து ஊதின. ஒன்றை அடுத்து ஒன்று, எங்களைக் கண்டுகொள்ளாமல், மேற்கே போய்க்கொண்டே இருந்தன.

அப்போதுதான் இவர் சொன்னார், "அங்க பாரு, கப்பல்."

அடிவானத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சரக்குக் கப்பல்கள். தேவேந்திரமுனைக்குத் தெற்கே போவது உலகத்திலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. சூயஸ் பக்கமிருந்து சிங்கப்பூர், சீனா போகிறவை எல்லாம் தீவின் இந்த முனையைச் சுற்றித்தான் போகும். திமிங்கலம் சாப்பிடுகிற இடமும் அதே இடம். அடிபட்டுச் செத்த நீலத் திமிங்கலங்கள் இங்கே கரை சேர்ந்திருக்கின்றன, கொழும்புத் துறைமுகத்துக்குள் கப்பலின் முகப்பில் மாட்டிக்கொண்டு வந்ததும் உண்டு.

இவர் வேலை பார்ப்பது தீப்பெட்டி ஏற்றுமதி அலுவலகத்தில். கோவில்பட்டியில் கட்டுகிற தீப்பெட்டி கன்டெய்னரில் ஏறித் தூத்துக்குடி வரும், அங்கிருந்து சின்னக் கப்பலில் கொழும்பு, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும். கிழக்கே போகிற சரக்கு என்றால் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்த வரிசையில்தான் போயாக வேண்டும். "நம்ம சரக்கும் இதுலதான் போகுது" என்றார். வாந்தி எடுத்துக் களைத்த குரலில், ஆனால் நன்றாக யோசித்துச் சொன்னார். கப்பலை நிறுத்த முடியாது. ஆனால் பாதையைத் தள்ளி வைக்க முடியும். சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் போதும், மோதுகிற வாய்ப்பு மிகவும் குறையும் என்று ஆய்வாளர்கள் ரொம்ப காலமாகச் சொல்லி வருகிறார்கள். எம்.எஸ்.சி. என்கிற பெரிய கப்பல் நிறுவனம் 2022-ல் தானாகவே தன் கப்பல்களை அப்படித் தள்ளி ஓட்டத் தொடங்கியது. ஒரு நிறுவனத்தால் முடிகிறது என்றால் எல்லோராலும் முடியும். இவர் ஊருக்கு வந்ததும் தாங்கள் சரக்கு அனுப்புகிற கப்பல் முகவர்களிடம் இதைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். பதில் சொல்கிறார்களோ இல்லையோ, கேள்வி போய்ச் சேர்கிறது.

திரும்புகிற வழியில் படகில் இருந்த வழிகாட்டிப் பெண் ஒரு விஷயம் சொன்னாள், அதுவும் எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டது. மற்ற நீலத் திமிங்கலங்கள் துருவப் பக்கம் போய்ச் சாப்பிட்டு, வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும். இங்கே இருப்பவை வெப்பக் கடலிலேயே இருந்து இங்கேயே சாப்பிடுகின்றன. இதை உலகத்துக்குச் சொன்னவர் ஆஷா டி வோஸ், இலங்கைப் பெண். 2003-ல் ஒரு ஆய்வுக் கப்பலில் போனபோது திமிங்கலங்களுக்கு நடுவில் தண்ணீரில் சிவப்பாக ஏதோ மிதப்பதைப் பார்த்தார். திமிங்கலத்தின் கழிவு. கழிவு இருந்தால் அங்கே சாப்பாடும் இருக்கிறது என்றுதானே பொருள்! அந்தச் சிவப்பு, தின்ற இறால் வகையின் நிறம். அங்கிருந்து பிடித்துக்கொண்டு ஆராய்ச்சி செய்தார், பிறகு ஓஷன்ஸ்வெல் என்று அமைப்பும் தொடங்கினார். எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் கடலுக்குள் போவதே பெரிய பேச்சு. அதனால் இந்தக் கதை எனக்கு ரொம்ப முக்கியம்.

1960-களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்த வட இந்தியப் பெருங்கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்களைக் கொன்றன. 1979-ல் சர்வதேசத் திமிங்கல ஆணையம் இந்தியப் பெருங்கடலைச் சரணாலயமாக அறிவித்தது. நாங்கள் பார்த்தவை அந்த வேட்டைக்குத் தப்பியவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

மத்தியானம் கரையேறியதும் இவருக்குப் பசி வந்துவிட்டது. வீட்டிலிருந்து கொண்டுவந்த கடலைமிட்டாயைத் துறைமுகத்திலேயே உட்கார்ந்து தின்றார், பெரியவருக்கும் ஒரு பாக்கெட் கொடுத்தார். சாயங்காலம் ஒரு சின்னக் கடையில் அம்புல் தியல் சாப்பிட்டோம். சூரையைக் கனமான துண்டாக வெட்டி, கொறுக்காய்ப் புளியும் மிளகும் அரைத்துப் பூசி, குழம்பு இல்லாமல் வற்ற வைப்பது. எங்கள் வீட்டு மீன் சமையலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் மீனை எப்படி நடத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்தது.

நீங்கள் யாராவது போவதாக இருந்தால்: டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மிரிஸ்ஸ. 100 மீட்டரைப் பற்றிக் கேளுங்கள், திமிங்கலத்தோடு நீந்த விடுகிறோம் என்று சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். வாந்தி மாத்திரையைப் படகு ஏறுவதற்கு முன்னாலேயே போடுங்கள். போனை உள்ளே வைத்துவிட்டு முதல் திமிங்கலத்தை வெறும் கண்ணால் பாருங்கள்.

ராத்திரி அப்பாவைக் கூப்பிட்டேன். எவ்வளவு பெரிசு, என்ன நிறம் என்று ஒன்றும் கேட்கவில்லை. "நீவாடு எந்தப் பக்கம் இழுத்துச்சும்மா? அது ஓட்டத்தோட போச்சா, எதிர்த்துப் போச்சா?" என்றார். மேற்கே போனது என்றேன். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். அதைப் பற்றிப் பெரியவரிடம் கேட்டிருந்தேன், அதையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசினோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "2016-ல நாம இழுத்துவிட்டதுல தப்பினதும் அங்கன எங்கயாச்சும் இருக்கும்ல" என்றார். இருக்கும்பா என்றேன்.

தெற்கில் பருவம் முடிந்த பிறகு கிழக்கே திருகோணமலைப் பக்கம் திமிங்கலம் வரும். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலைப் பாறையில் நின்றாலே சில நாள் ஊதுவது தெரியும், அவ்வளவு ஆழம் அந்தக் கரை. அங்கே அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறோம். அப்பாவுக்குப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாயிற்று, போலீஸ் விசாரணைதான் பாக்கி.